அந்தக் கையால் ஒரு கவளம் சோறு

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஜூன் மாத மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் நடந்தது இது. பாதி நடந்தது வெளியூரில், கடலோரமாக உள்ள ஓர் அணுமின் நிலையத்தில். மீதி நடந்தது வண்டிப்பெரியாருக்கு மேலே, தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டில்.

என் மனைவி கொழுந்து பறிக்கிறாள். லயத்து வீடு அவள் வேலைக்காக எஸ்டேட் கொடுத்தது. நானும் அங்கேயே தேயிலை ஃபேக்டரியில் இயந்திரம் கழுவிக்கொண்டு இருந்தவன்தான். ஃபேக்டரி மாதத்தில் பாதி நாள் ஓடாமல் போனதும், திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் வழியாக அணுமின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் போய்ச் சேர்ந்தேன். என்ன வேலை என்று ஊரில் கேட்டால் "கிளீனிங்" என்று மட்டும் சொல்வேன். அது பொய்யும் இல்லை. நீட்டிச் சொன்னால் அவர்களுக்குப் பயம், எனக்குத் தொல்லை.

அணு உலையைப் பழுதுபார்ப்பதற்காக நிறுத்துவார்கள். பம்பு, வால்வு, குழாய் என்று உள்ளே வேலை செய்யப் போகிறவர்கள் நுழையும் முன்பு, அங்கே படிந்திருக்கும் கதிர்வீச்சுள்ள தூசியையும் கறையையும் எடுத்தாக வேண்டும். அதுதான் எங்கள் வேலை. ஃபேக்டரி கழுவியவனுக்கு இதில் என்ன கஷ்டம் என்று ஒரு மிதப்போடுதான் போனேன். முதல் நாளே ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் வீசப் போனேன். மேஸ்திரி பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். மழை கொட்டுகிற ஊர்க்காரன் எனக்குக் கழுவுவது என்றால் தண்ணீரை ஊற்றுவது. அங்கே ஊற்றுகிற தண்ணீரெல்லாம் கழிவாகிவிடும்; அதையும் பிடித்துச் சுத்திகரித்துப் பாதுகாக்க வேண்டும். அந்த அழுக்கை யாரும் அழிக்க முடியாது. ஓர் இடத்திலிருந்து எடுத்து, பத்திரமான இன்னோர் இடத்தில் அடைத்து வைக்கலாம், அவ்வளவுதான்.

அதனால் அங்கே எல்லாம் நிதானமாக நடக்கும். ஈரத்துணியை நாலாக மடித்து, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி ஒரே இழுப்பு. துணியின் முகத்தை மாற்றி மடித்து அடுத்த இழுப்பு. போன கை திரும்பி வரக்கூடாது. எல்லா முகமும் தீர்ந்த துணி கழிவுப் பைக்குப் போகும்; மறுபடி வாளியில் நனைக்கிற பேச்சே இல்லை. சின்னச் சின்னக் கருவிகளை ஒலி அலையால் அதிரும் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். குழாய்க்குள் ஒட்டியிருப்பதை, நீர்த்த அமிலத்தைச் சுற்றவிட்டுக் கரைத்து எடுப்பார்கள். எனக்குப் பிடித்தது தரை வேலை. பசை போன்ற ஒரு பூச்சைத் தரையில் பூசிக் காயவிட்டு, காய்ச்சின பாலின் ஏட்டை எடுப்பது போல முழுசாக உரித்து எடுப்போம். தூசியெல்லாம் அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஓரம் கிழியாமல் உரிப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயரும் உண்டு.

சம்பவம் நடந்த அன்று காலையில், உள்ளே போகும் முன்பு மாமியார் போன் செய்தார். என் மனைவிக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். முதல் பிரசவம். அன்று மாலையிலிருந்து எனக்கு லீவு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தது. போனைப் பெட்டியில் வைத்துவிட்டு உடுப்பு மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். உடம்பு அங்கே இருந்தது, மனசு மலை ஏறிவிட்டது.

ஒரு பம்பு அறையின் தரைப் பூச்சை உரித்துக்கொண்டிருந்தேன். ஓர் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டில் என் வலது கையின் ரப்பர் உறை உரசி, உள்ளங்கைப் பக்கம் சின்னதாகக் கிழிந்தது. உடனே வேலையை நிறுத்தி வெளியே வந்து உறையை மாற்ற வேண்டும் என்பது விதி. இன்னும் ஒரு முழ நீளம்தான் பாக்கி. மாற்றிக்கொண்டு வந்தால் அரை மணி நேரம் போய்விடும், பஸ் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். உள்ளே இன்னொரு பருத்தி உறை இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

முடித்து, உடுப்பைக் கழற்றி, வெளியேறும் இடத்தில் உள்ள கை கால் அளக்கும் இயந்திரத்தில் ஏறி நின்றேன். வலது கைக்குச் சிவப்பு விளக்கு எரிந்து மணி அடித்தது. அப்படி அடித்தால் நின்ற இடத்திலேயே நின்று பாதுகாப்புப் பிரிவு ஆளைக் கூப்பிட வேண்டும். பயிற்சியில் பத்துத் தடவை சொல்லித் தந்தது அது. அந்த நிமிடம் பக்கத்தில் யாரும் இல்லை. நான் கூப்பிடவில்லை. நேரே கை கழுவும் தொட்டிக்கு ஓடினேன்.

ஏன் ஓடினேன் என்று இப்போது சொல்ல முடியும். எஸ்டேட்டில் பிறந்தவனுக்குக் கைக்கறை என்றால் ஒரே வைத்தியம்தான். கொழுந்து கிள்ளுகிறவர்களின் விரல்கள் கறுத்துப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போகும் முன்பு தேங்காய் நாரும் எலுமிச்சைத் தோலும் வைத்துத் தோல் எரிய எரியத் தேய்ப்பார்கள். தேய்த்தால் போகாத கறை எங்களுக்குத் தெரியாது. தொட்டி ஓரத்தில் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் ஒன்று கிடந்தது. அதை எடுத்து உள்ளங்கையை வறக் வறக்கென்று தேய்த்தேன். கை நெருப்பாக எரிந்தது. திரும்பிப் போய் இயந்திரத்தில் வைத்தேன். மறுபடியும் சிவப்பு.

அந்த மணிச் சத்தத்துக்குத்தான் மேடம் வந்தார். கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில் அதிகாரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர். பேச்செல்லாம் கோயம்புத்தூர்க்காரர்கள் போல "ங்க" போட்டு மெத்தென்று இருக்கும். விதி விஷயத்தில் மட்டும் கல். ஒருமுறை நான் வாயில் ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தபோது, அங்கேயே துப்ப வைத்து, ஒரு மணி நேரம் வகுப்பில் உட்கார வைத்தவர். அவரைக் கண்டால் எங்களுக்கெல்லாம் ஒரு நடுக்கம் உண்டு.

என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"தேச்சீங்களா தம்பி?"

"இல்ல மேடம்."

உள்ளங்கை வெந்தது போலச் சிவந்து கிடக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.  அவர் என்னை ஓர் அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். டாக்டரை வரச்சொன்னார். தோல் சிவந்திருக்கிறது, கிழியவில்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் மேடம் மூச்சு விட்டதைக் கவனித்தேன். மனிதத் தோல் ஒரு நல்ல சுவர், அது உடைந்தால்தான் அழுக்கு உள்ளே போகும் என்று விளக்கினார். சுடுநீர் ஊற்றினாலும் தப்பு, குளிர்நீர் ஊற்றினாலும் தப்பு. வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, பஞ்சு. இவ்வளவுதான் மருந்து.

பிறகு அவரே என் கையைக் கழுவினார். உதவியாளரிடம் விட்டிருக்கலாம், விடவில்லை. பஞ்சால் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி ஒற்றி எடுத்தார். ஈரத்தைத் துணியால் ஒற்றினார். கருவியைக் கைமேல் பிடித்தார். அது கிர்ர் என்றது. எழுதிக்கொண்டார். மறுபடி பஞ்சு, மறுபடி கருவி. ஒவ்வொரு முறையும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கட்டைவிரல் அடியில் ரேகை மடிகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் பிடிவாதமாக நின்றது. நானாக இருந்தால் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்திருப்பேன்.

அதற்கு அவர் செய்ததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. கைக்கு ஒரு பருத்தி உறை போட்டார். அதன்மேல் காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் உறையைப் போட்டு மணிக்கட்டில் டேப் ஒட்டினார். "சும்மா உக்காருங்க. இனி உங்க வேர்வைதானுங்க வேல செய்யோணும்" என்றார். வியர்வை சுரந்து வரும்போது, துவாரங்களில் உட்கார்ந்திருக்கும் துகளையும் தள்ளிக்கொண்டு வந்துவிடுமாம். பருத்தி அதை வாங்கிக்கொள்ளுமாம். நான் அவசர அவசரமாகத் தேய்த்ததை, என் உடம்பு சும்மா உட்கார்ந்து செய்யப் போகிறது என்றால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மூன்று மணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன். பஸ் போய்விட்டது. நடுவில் மேடம் வெளியே போய்விட்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"உங்க மேஸ்திரிக்குப் போன் வந்துதுங்க. பொண்ணு பொறந்திருக்குது. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க."

நான் என் கையைப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் ஆவி கட்டி, வியர்த்து, யாருடைய கையோ போலக் கிடந்தது. மகள் பிறந்த செய்தி கேட்டு முதலில் தோன்றியது சந்தோஷமில்லை. இந்தக் கையாலா அவளைத் தூக்கப் போகிறேன் என்ற எண்ணம்தான். அது அப்படியே உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது.

உறையைக் கழற்றிக் கருவியை வைத்தபோது சத்தம் அடங்கியிருந்தது. வெறும் காற்றில் வைத்தால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவுதான். முழு உடம்பையும் அளக்கும் நாற்காலியில் அன்றும் மறுநாளும் உட்கார வைத்தார்கள். உள்ளே எதுவும் போகவில்லை என்று உறுதியான பிறகு அனுப்பினார்கள். போகும்போது மேடம் தன் நம்பரை எழுதிக் கொடுத்தார். ஏதாவது மனசில் பட்டால் கூப்பிடச் சொன்னார். எனக்கு அப்போது வீடு போனால் போதும் என்று இருந்தது.

வீடு வந்தேன். பிள்ளையைத் துணியில் சுற்றி, கம்பளிக்குள் வைத்திருந்தார்கள். ஒரு பிடி இருந்தாள். மனைவி சிரித்துக்கொண்டே "தூக்குங்க" என்று நீட்டினாள். நான் சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, "பஸ்ஸுல வந்த அழுக்கு, குளிச்சிட்டு வாரேன்" என்றேன். குளித்தேன். பிறகு தூக்கம் வருகிறது என்றேன். மறுநாள் சளி என்றேன். ஒரு பொய் தீர்ந்ததும் அடுத்ததைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கை சுத்தம் என்று எனக்குத் தெரியும். கருவி சொன்னது, டாக்டர் சொன்னார், நாற்காலி சொன்னது. ஆனால் நான் தேய்த்ததை மறைத்துவிட்டேனே, அது தெரிந்திருந்தால் வேறு மாதிரி சோதித்திருப்பார்களோ, ரேகைக்குள் ஒரு துளி ஒளிந்திருக்குமோ என்று ஒரு புழு குடைந்துகொண்டே இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். என் கண்ணுக்கு என் கையே பேயாகத் தெரிந்தது. கரண்டியால் சாப்பிட்டேன். என் தட்டைத் தனியாகக் கழுவினேன். மனைவியிடம் சொல்லவும் வாய் வரவில்லை. சொன்னால் அவள் பயப்படுவாள், மாமியாருக்குத் தெரியும், பத்து வீடு ஒட்டிக் கிடக்கும் லயத்தில் சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரியும்.

ஒருநாள் பிள்ளை தனியாக முழித்துக்கொண்டு கிடந்தாள். ஆசை தாங்கவில்லை. இடது கையின் ஒரு விரலால் அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். பஞ்சு மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து மாமியார் உள்ளே வந்துவிட்டார். உடும்பஞ்சோலையில் ஏலக்காட்டில் வேலை செய்து, தனி ஆளாகப் பெண்ணை வளர்த்தவர். மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார்.

"பீச்சாங்கையாலயா மாப்ள புள்ளையத் தொடுவாக? அந்த அளவுக்கு ஆகாமப் போச்சா எம் பேத்தி?"

நான் வெளியே போய்விட்டேன். அன்று மத்தியானம் மனைவி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், தணிந்த குரலில் பேசினாள்.

"பொட்டப்புள்ளன்னுதான தொட மாட்டேங்கிறீங்க? வாய விட்டுச் சொல்லிருங்க. நான் அம்மாகூடப் போய் ஏலக்காட்டுல வேல செஞ்சு வளத்துக்கிருவேன்."

எனக்குத் தலையில் இடி விழுந்தது போல இருந்தது. இப்படி ஓர் அர்த்தம் வரும் என்று எனக்குக் கனவிலும் தோன்றவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? பன்னிரண்டு நாளாகப் பெற்ற பிள்ளையைத் தூக்காத அப்பன் நான். மாமியார் துணிமணிகளை ஒரு பையில் எடுத்து வைக்க ஆரம்பித்திருந்தார். திங்கள்கிழமை தாயும் பிள்ளையும் உடும்பஞ்சோலைக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. இரண்டு நாள்தான் இருந்தது.

மழையோடு மழையாக டவுனுக்கு இறங்கினேன். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு கடை ஓரமாக நின்றுகொண்டு மேடத்தின் நம்பருக்கு அடித்தேன். அவரும் லீவில் கொழிஞ்சாம்பாறைக்கு வந்திருந்தார்.

"மேடம், அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன். கையப் போட்டுத் தேய்ச்சேன்."

"அது அன்னைக்கே தெரியுமுங்க தம்பி. அந்தப் பச்சை நாரத் தொட்டியோரத்துலயே போட்டுட்டு வந்துட்டீங்களே. அதையும் அளந்து பாத்துத்தானுங்க கழிவுப் பையில போட்டேன். டாக்டருக்கும் சொன்னேன், ரிஜிஸ்டர்லயும் எழுதியாச்சு. அதுக்காவத்தானுங்க உங்கள மறுநாளும் நாற்காலில உக்கார வெச்சது."

அத்தனை நாள் என்னைக் குடைந்த புழு, அவருக்கு அன்றைக்கே தெரிந்த விஷயமாக இருந்தது. அழுகை வந்துவிட்டது. பிள்ளையைத் தொட முடியாததையும், மனைவி சொன்னதையும், கட்டி வைத்த பையையும் உளறிக் கொட்டினேன். கை சுத்தம்தான் என்று புத்திக்குத் தெரிகிறது மேடம், ஆனால் கை நீள மாட்டேன் என்கிறது என்றேன்.

 "நாளைக்கு ஞாயித்துக்கெழமைங்களா? நாங்க குடும்பத்தோட தேக்கடிக்கு வாரமுங்க, போட்டுல போலாம்னு. அப்படியே உங்க ஊட்டுக்கு வந்துட்டுப் போறோம்" என்றார். அந்தப் பேய் மழையில் யார் படகில் போக வருவார்கள் என்று யோசிக்கிற புத்தி எனக்கு அன்று இல்லை.

மறுநாள் பூசை முடிந்து நானும் மாமியாரும் வீடு திரும்பிச் சிறிது நேரத்தில், மேடமும் அவர் வீட்டுக்காரரும் ஐந்து வயது மகளும் குடை பிடித்துக்கொண்டு லயத்துப் படிகளில் ஏறி வந்தார்கள். காரைக் கீழே ரோட்டிலேயே விட்டுவிட்டார்களாம். பார்க்கவே பாவமாக நனைந்திருந்தார்கள். வாசலிலேயே மேடம் என்னைத் தனியாகக் கேட்டார்.

"ஊட்டுல சொல்லியாச்சுங்களா?"

"இல்ல மேடம்."

"நான் சொன்னா நல்லா இருக்காதுங்க. நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

சொன்னேன். மனைவி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தாள். கையுறை கிழிந்தது, மணி அடித்தது, நார் வைத்துத் தேய்த்தது, மேடத்திடம் பொய் சொன்னது, வியர்வை உறை போட்டது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் பயந்தது போலவே மாமியார் முகம் மாறியது. எழுந்துபோய்ப் பிள்ளையின் துணியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திவிட்டு, எனக்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்றுகொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பேத்தியைக் காப்பாற்றத்தானே நின்றார்.

மனைவி கதிர்வீச்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப... பொட்டப்புள்ளைன்னு இல்லையா?"

 இல்லவே இல்லை என்று தலையை ஆட்டினேன்.

மேடம் ஒன்றும் விளக்கம் சொல்லவில்லை. கருவி, கணக்கு, எதையும் எடுக்கவில்லை. ஈரப் புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு, "பசிக்குதுங்க. சோறு இருக்குதுங்களா?" என்று மாமியாரிடம் கேட்டார். பசி என்று வந்தவருக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. சோறும் மோர்க்குழம்பும் கருவாட்டு வறுவலும் தட்டில் வந்தன. மேடம் அந்தத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நீங்க பெசஞ்சு குடுங்க தம்பி. அந்தக் கையாலயே."

எனக்கு வியர்த்துவிட்டது. கையை வாய்க்குக் கொண்டு போகாதே என்று எங்களைப் பாடாய்ப் படுத்துகிறவர் கேட்கிறார். "மேடம், வேண்டாம்" என்றேன்.

"இங்க மிஷினு இல்லீங்க. என்ற வாய்தானுங்க இருக்குது. பெசைங்க."

கையைக் கழுவிக்கொண்டு வந்து பிசைந்தேன். சோறு தட்டுக்கு வெளியே சிந்தியது. ஓர் உருண்டை பிடித்தேன். அவர் உள்ளங்கையை நீட்டி வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு கம்மிங்க" என்றார். இரண்டாவது கவளம் வாங்கினார். மூன்றாவது கவளத்தைப் பிடிக்கும்போது, அதுவரை ஜன்னலில் மழை பார்த்துக்கொண்டிருந்த அவர் மகள் ஓடி வந்து தானும் கையை நீட்டினாள்.

"மாமா, எனக்கு?"

நான் மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு சின்னத் தயக்கம், ஒரு கண் சிமிட்டல் தெரிந்திருந்தால்கூட என் கை அதோடு செத்திருக்கும். அவர் கருவாட்டில் முள் எடுத்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "குடுங்க, அவளும் காலைல ஒண்ணும் திங்கல" என்றார். குழந்தை வாயைத் திறந்தாள். ஊட்டினேன். மென்று விழுங்கிவிட்டு மறுபடி திறந்தாள்.

மாமியார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, நடுவில் நின்றவர் மெள்ள ஒதுங்கி, அந்தக் குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் சோறு கொண்டுவர அடுப்படிக்குப் போனார். என் மனைவி எழுந்து வந்தாள். நான் கை கழுவி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். துடைப்பதற்குத் தன் முந்தானையைக் கொடுத்தாள்.

"பாவி மனுசா, இதச் சொல்றதுக்கு உங்களுக்குப் பன்னெண்டு நாளா?" என்று சொல்லி, பிள்ளையைத் தூக்கி என் கையில் வைத்தாள்.

என் மகளின் தலை என் வலது உள்ளங்கையில் இருந்தது. சூடாக இருந்தது. கொட்டாவி விட்டாள். எனக்குக் கண்ணீர் மறைத்துவிட்டது. அதற்கு மேல் அன்று அங்கே யார் என்ன பேசினார்கள் என்று எனக்கு நினைவில்லை. மாமியார் கட்டி வைத்த பையை எப்போது பிரித்தார் என்பதும் தெரியாது.

அவர்கள் கிளம்பும்போது கார்வரை கூடப் போனேன். மழையில் தேக்கடியில் படகு ஓடுமோ என்னவோ, விசாரித்துக்கொண்டு போங்கள் என்றேன். மேடம் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் மகள் முந்திக்கொண்டாள்.

"போட்டுக்கெல்லாம் போகல மாமா. ஊட்டுக்குத்தான் போறோம். எனக்கு நாளைக்கு ஸ்கூல்."

மேடம் சட்டென்று குனிந்து காருக்குள் எதையோ தேடினார். அவர் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிட்டார். இருட்டோடு கிளம்பி, பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று சுற்றி மலையேறி, அரை நாள் பயணம் செய்து வந்தவர்கள். சாப்பிட்ட கையோடு அதே வழியில் திரும்பிப் போகிறார்கள். தேக்கடி என்பதே எனக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது என்று சொன்ன பொய். நான் சொன்ன பொய்களோடு அதை வைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. கையெடுத்துக் கும்பிட்டேன். "லீவு முடிஞ்சு வந்தா, கிழிஞ்ச உறையோட உள்ள நின்னதுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். சொன்னபடியே உட்காரவும் வைத்தார்.

அந்த வேலையில்தான் இன்னும் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் மணி அடித்தால் ஓடாதே, நின்று கூப்பிடு என்று நானே சொல்கிறேன். ஏன் என்று கேட்டால் இந்தக் கதையைச் சொல்கிறேன். என் அசட்டுத்தனத்தைச் சொல்ல எனக்கு இப்போது கூச்சமில்லை. என் கையைக் கழுவியது அந்த மேடத்தின் உத்தியோகம். ஆனால் கொட்டுகிற மழையில் அவ்வளவு தூரம் வந்து என் கைச்சோற்றை வாங்கித் தின்ன வேண்டிய அவசியம் அவருக்குக் கொஞ்சமும் இல்லை, அந்த அவசியமில்லாத அன்பால்தான் இன்று நான் மலையேறி வீட்டு வாசலுக்கு வந்ததும் என் மகள் "அப்பா, தூக்கு" என்று ஓடி வருகிறாள்.